ஆபரேஷன் தியேட்டரில் ஒரு சாமந்தி மாலை

போன வியாழக்கிழமை காலை பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனேன். மீன் வரிசைக்குள் நுழைந்து நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு கணீர்க் குரல்...

“யோவ் மாலைக்காரரே! எங்க அந்தப் பக்கம் போற? இங்க வா!”

வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் அரிவாள்மணையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கூட வந்த என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஏற்கெனவே வீட்டில் போதுமான அளவு சிரித்து முடித்திருந்தாள்.

இந்தப் புதுச்சேரியில் இருபது வருடமாகப் பத்திரிகையில் வாராவாரம் எழுதுகிறேன். மார்க்கெட்டில் ஒருவர்கூட ‘எழுத்தாளரே’ என்று கூப்பிட்டதில்லை. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மாலை... பட்டம் நிலைத்துவிட்டது!

அது எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் வேறு யாரிடமாவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார்கள். நான் என்றால் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம் அல்லவா?

எனக்கு வலது கண்ணில் புரை. முதலில் நிலா இரண்டாகத் தெரிந்தது. அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். பீச் ரோட்டில் முன்பின் தெரியாத ஓர் அம்மாளிடம் “குடைய எடுத்துக்கிட்டியா?” என்று கேட்டேன். அந்த அம்மாள் பார்த்த பார்வை எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது — அதனால் பிழைத்தேன். ஆனால் பத்திரிகையில் வந்த என் பத்தியை நானே எடுத்து வைத்துக்கொண்டு “பரவாயில்லையே, நல்லா எழுதியிருக்கானே” என்று சொன்னபோதுதான் மனைவிக்குப் பயம் வந்தது.

“இது முத்திப்போச்சுங்க... ஒடனே ஆபரேஷன் பண்ணிடுங்க.”

என் பள்ளிக்கூட நண்பன் சம்பந்தம் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரியில் நிர்வாகி. அறக்கட்டளை நடத்துவது. பெயர் வேண்டாம். ஒரே ஒரு ஆபரேஷன் தியேட்டர், ஒரே ஒரு லேப், ஏகப்பட்ட கண்கள். ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம் எனக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்தான். குறித்தவன் சும்மா இருந்தானா?

“டேய், எங்க ஆயுத பூஜைக்கு நீதான் இந்த வருசம் சிறப்பு விருந்தினர். ஒனக்கு ஆபரேஷன் பண்ணப்போற எடம். நீயே வந்து தொடங்கி வெச்சா ராசிடா!”

ராசியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சிறப்பு விருந்தினர் என்ற வார்த்தையில் உண்டு. போனேன்.

பூஜை எங்கே நடந்தது தெரியுமா? ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே! நீங்கள் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. ஆனால் நம் ஊரில் லாரிக்குப் பொட்டு வைக்கிறோம், தையல் மிஷினுக்கு வைக்கிறோம், கம்ப்யூட்டருக்கு வைக்கிறோம்... கத்தியை வைத்துக் கண்ணைத் திறக்கிற இடத்துக்கு வைக்காமல் விடுவோமா? மேலே தொங்குகிற பெரிய விளக்குக்குச் சந்தனம். மைக்ராஸ்கோப்புக்குக் குங்குமம். நோயாளி படுக்கிற மேசைமேல் வாழையிலை, அதன்மேல் பொரி, கடலை, வெல்லம், பழம்.

வாசல்படியில் ஒரு பெண் மட்டும் உள்ளே வராமல் நின்றிருந்தாள். வெள்ளைக் கோட்டு, முப்பது வயது இருக்கும். “சார், வெளிய ஹால்ல கும்பிடலாமே சார்... உள்ள வேணாமே” என்று சம்பந்தத்திடம் சொன்னாள்.

“வருசத்துக்கு ஒரு நாளும்மா. முடிஞ்சதும் தொடச்சித் தள்ளிடப் போறாங்க” என்றான் சம்பந்தம்.

அவள் வாசல்படியைத் தாண்டாமல் அங்கேயே நின்றாள். ஜெசிந்தா. அந்த ஆஸ்பத்திரியின் லேப் டெக்னீஷியன். அப்போது எனக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் என் கழுத்தில் விழுந்த மாலை ஒன்றுதான்.

சாதாரண மாலை இல்லை. சாமந்தி. தொப்புளைத் தாண்டித் தொங்கியது. தண்ணீர் தெளித்து நனைத்து வேறு வைத்திருந்தார்கள். அதன்மேல் ரிப்பனில் பூப்போல மடித்து, தங்க எழுத்தில் ‘சிறப்பு விருந்தினர்’ என்று ஒரு பேட்ஜ். சட்டையில் குத்தினால் ஓட்டை விழும் என்று அதை மாலையிலேயே குத்தச் சொன்னது நான்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சாமந்தி ஒத்துக்கொள்ளாது. பேச ஆரம்பித்தேன்... தும்மல். இன்னும் இரண்டு வரி... மூன்று தும்மல். எல்லோரும் கற்பூரத்தைப் பார்த்துக் கைகூப்பிய சமயம் பார்த்து மெதுவாகப் பின்னால் நகர்ந்தேன். மாலையைக் கழற்றிச் சுருட்டினேன். எங்கே வைப்பது? தரையில் வைத்தால் மரியாதைக் குறைவு. மேசையில் இடமில்லை. என் தலைக்குமேல் சுவரில் ஏசி. நான் ஆறடி, கையை நீட்டினால் எட்டியது.

வைத்தேன். மறந்தேன்.

வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்ட முதல் கேள்வி: “மாலை போட்டாங்களா? எங்க?”

“தெருமுனைப் பிள்ளையாருக்குப் போட்டுட்டேன்” என்றேன்.

அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் — அதுவும் செய்யாதது!

அடுத்த வாரம், குறித்த நாளில் காலையில் வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஹாலில் பெஞ்சு நிறையக் கூட்டம். என் பக்கத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. சுங்குடிச் சேலை, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. மேலே மருந்து வாசனை. அடியில் லேசாகக் கடல் வாசனை.

“எந்தக் கண்ணும்மா?” என்று பேச்சைத் தொடங்கினேன். கண் ஆஸ்பத்திரியில் இதுதான் ‘சௌக்கியமா?’

“எது இருக்குதோ அது” என்றார்.

பெயர் அஞ்சலாட்சி. வீராம்பட்டினம். நாற்பது வருடமாக மார்க்கெட்டில் மீன் விற்கிறார். சின்ன வயதிலேயே கெளுத்தி முள் குத்தி இடது கண் போய்விட்டது. மிச்சம் இருக்கிற வலது கண்ணில் இப்போது புரை.

“பார்வை மங்கறதுகூடப் பரவால்ல நைனா. போன மாசம் ஒரு டீச்சரம்மா மீனைத் திருப்பிக் கொண்ணாந்து வெச்சுட்டுப் போச்சு. ‘கெட்டுப்போச்சு அஞ்சலாட்சி’ன்னு சொல்லுது. நாப்பது வருசத்துல எங்கிட்ட வாங்குன மீனு ஒண்ணு திரும்பி வந்ததில்ல. செவுளு செவப்பா கருப்பான்னு எனுக்கே தெரியல. அன்னிக்கு வீட்டுக்குப் போயி சோறு துன்னல.”

அந்த நேரத்தில்தான் ஜெசிந்தா வந்து நின்றாள். இன்றைக்கு ஆபரேஷன் இல்லை. தியேட்டர் மூடப்பட்டிருக்கிறது. அடுத்த வாரம் வாருங்கள் என்றாள்.

அஞ்சலாட்சி எழுந்தார். அவர் ஜெசிந்தாவைச் சொன்னதில் பாதியை இந்தப் பத்திரிகை அச்சிடாது. மீதிப் பாதியிலும் பாதி எனக்குப் புரியவில்லை. கடலோரத்தில் மட்டும் புழங்குவது. நானும் சும்மா இருக்கவில்லை. நேராக சம்பந்தத்தின் அறைக்குப் போனேன்.

“என்னடா இது? பட்டினி கெடந்து வந்திருக்கோம்!”

“ஏண்டா எங்கிட்டக் கத்தற? தட்டுல பூஞ்சை வந்துட்டுதாம். மதாம் கையெழுத்து போட மாட்டேங்கறாங்க” என்றான். கோபம் வந்தால் ஜெசிந்தாவை அவன் பிரெஞ்சுக்காரர்கள் பாணியில் ‘மதாம்’ என்றுதான் சொல்வான். “மதாம் கையெழுத்து இல்லாம டாக்டரம்மா கத்தியத் தொட மாட்டாங்க. போயி நீயே கேளு. எழுத்தாளன்தானே... பேசிப் பாரு.”

லேப் என்பது மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. ஒரு மேசை, ஒரு ஃபிரிட்ஜ், உயிருள்ளவற்றை வெதுவெதுப்பாக வளர்க்கிற ஒரு பெட்டி. அதன் கைப்பிடியில் ஒரு ஜெபமாலை தொங்கியது.

நான் என் கனத்த குரலை எடுத்தேன். “ஏம்மா, இது பாண்டிச்சேரி. கடல் பக்கத்துல இருக்கு. ஐப்பசி மாசம் பீரோவுல வெச்ச பெல்ட்டுல பூஞ்சை வருது. உப்பு ஜாடியே அழுவுது. இந்த ஊர்ல பூஞ்சைக்குக் குடியுரிமை இருக்கும்மா! ஒரு தட்டுல வந்துச்சுன்னு அத்தனை பேரையும் திருப்பி அனுப்பறதா?”

அவள் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னாள். பெட்டியைத் திறந்து வட்டமான இரண்டு கண்ணாடித் தட்டுகளை எடுத்தாள். ஒன்றில் சிவப்பு ஜெல்லி, இன்னொன்றில் வெளிர்மஞ்சள்.

“இதுல கிருமி வளரும் சார். அதுல பூஞ்சை. தியேட்டர்ல நாலு மூலையிலயும், மேசை மேலயும் இந்தத் தட்ட ஒரு மணி நேரம் தொறந்து வெப்போம். காத்துல இருக்கறது எல்லாம் வந்து உக்காரும். மூடிக் கொண்டாந்து இந்தப் பெட்டில வெச்சுட்டா, உக்காந்தது குடும்பம் நடத்த ஆரம்பிச்சுடும். வெறும் கண்ணுல தெரியாதது நாலஞ்சு நாள்ல நல்லாத் தெரியும். அப்புறம் பஞ்சுக்குச்சி வெச்சு மேசை, வெளக்கு, டிராலி எல்லாத்தையும் தடவிப் பாப்போம்.”

மஞ்சள் தட்டில் கரும்பச்சையாக, பஞ்சு மாதிரி ஏதோ மூன்று இடத்தில் புசுபுசுவென்று வளர்ந்திருந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. புரை விழுந்த கண்ணுக்கு எதுதான் அழகாக இல்லை?

“இதுவா? இத்துணூண்டா?”

“இது கண்ணுக்குள்ள போயிட்டா கண்ணு போயிடும் சார்.”

பயம் வந்தால் நான் செய்கிற காரியம் ஜோக் அடிப்பது. “அப்படிப் பாத்தா என் செல்போன்லகூடத்தான் இருக்கும்” என்றேன்.

“வெச்சுப் பாக்கலாமா?” என்றாள். ஒரு சிவப்புத் தட்டில் என் போனை லேசாக ஒற்றி எடுத்தாள். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஐயோ! வெள்ளையில் நாலு திட்டு. ஒன்று பெரிதாக, மற்ற மூன்றும் தூரத்தில் தனித்தனியாக... அசல் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம்! இதற்குப் பெயர் ‘காலனி’ என்றாள் ஜெசிந்தா. இந்த ஊர்க்காரனிடம் வந்து காலனி என்றால் என்னவென்று சொல்ல வேண்டுமா? ஒருமுறை வந்துவிட்டால் லேசில் போகாது. வந்து மூன்று தலைமுறையானாலும் மிச்சம் இருக்கும்.

அந்த வாரம் முழுக்கத் தியேட்டரைக் கழுவினார்கள். மருந்துப் புகை போட்டு மூடி வைத்தார்கள். மறுபடி தட்டு வைத்தார்கள். மறுபடி நானும் அஞ்சலாட்சியும் வெறும் வயிற்றோடு பெஞ்சில். மறுபடி ஜெசிந்தா வந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

இந்த முறை சம்பந்தம் ஹாலுக்கே வந்துவிட்டான். “இங்க பாரும்மா, ரெண்டு வாரம். டாக்டரம்மா வந்து சும்மா திரும்பிப் போறாங்க. நீ கையெழுத்து போடலன்னா வெளி லேப்ல வாங்கிக்கறேன்.”

“வாங்கிக்குங்க சார். அவங்களும் வந்து தட்டு வெக்கட்டும். பூஞ்சைக்கு எந்த லேபுன்னு தெரியாது.”

“வேலைய வுட்டுப் போகணும்னு முடிவு பண்ணிட்டியா?”

ஜெசிந்தா நகராமல் நின்று சொன்னாள்: “போகச் சொன்னா போறேன் சார். கையெழுத்து போட மாட்டேன்.”

நான் அப்போது என்ன செய்தேன்? ஒரு பத்திரிகைக்காரனாக நியாயத்தின் பக்கம் நின்றிருப்பேன் என்று நினைக்கிறீர்கள் அல்லவா? உங்கள் அன்புக்கு நன்றி. நான் சம்பந்தத்தின் பக்கத்தில் போய் நின்று, “இதைப் பத்தி நான் எழுத வேண்டி வரும்” என்றேன். எழுதுகிறேன் பாருங்கள்... இப்போது.

அஞ்சலாட்சிதான் இடையில் புகுந்தார். “ஏ பொண்ணு, அந்தத் தட்ட எனுக்குக் காட்டு. எந்தத் தட்டு என்னிய வேணாங்குதுன்னு பாக்கறேன்.”

ஜெசிந்தா உள்ளே போய், சுற்றிலும் டேப் ஒட்டிய தட்டுகளைக் கொண்டுவந்தாள். அஞ்சலாட்சி முதலில் சிவப்புத் தட்டை வாங்கிக் கண்ணுக்கு ஓர் அங்குலத்தில் வைத்துப் பார்த்தார்.

“இன்னா இது, ரத்தமாட்டம்?”

“ஆட்டு ரத்தம்தாம்மா. ஜெல்லியில கலந்திருக்கு. கிருமிக்குச் சாப்பாடு.”

“அடிப்பாவி! பொரியல் பண்றத இதுல ஊத்தி வெச்சிருக்கியே!”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அடுத்தது மஞ்சள் தட்டு. பார்த்தார். தெரியவில்லை. சட்டென்று டேப்பைப் பிரித்து மூக்குக்குக் கொண்டுபோனார்.

“அம்மா! மோந்து பாக்காதீங்க!” ஜெசிந்தா பாய்ந்து பிடுங்கினாள். மூடி திறக்கவில்லை, நல்லவேளை.

“மோந்து பாக்காம எப்படிக் கண்டுபுடிக்கறது?... இது எங்க கெடச்சுது?”

“நீங்க படுக்கற மேசை மேல. உங்க தலை வர்ற எடத்துல.”

அஞ்சலாட்சி தன் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “செவுளத் தூக்கிப் பாத்திருக்க.”

“என்னம்மா?”

“மீனு மேலுக்குப் பளபளன்னுதான் இருக்கும். செவுளத் தூக்கிப் பாத்தாத்தான் தெரியும். நீ தூக்கிப் பாத்திருக்க.” பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். “இவ வேணாம்னா வேணாம். நான் அடுத்த வாரம் வரேன்.”

“அதுக்காக எத்தனை வாரம்தான்...” என்று நான் இழுத்தேன்.

அவர் என் குரல் வந்த திசையில் திரும்பினார். “உனுக்கு இன்னா நைனா? ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குது. எனுக்கு இது ஒண்ணுதான்.”

ஆறடி ஆள் மூன்றடி ஆனேன்.

அடுத்த நாள் மன்னிப்புக் கேட்கிற மாதிரியும் இல்லாமல், கேட்காத மாதிரியும் இல்லாமல் லேப் பக்கம் போனேன். ஜெசிந்தா தாளில் ஏதோ படம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு புரியல சார். புகை போட்டு, ஏசிய நிறுத்தி வெச்சுத் தட்டு வெச்சா சுத்தமா இருக்கு. ஏசி ஓடும்போது வெச்சாத் தோட்டமே வளருது. ஏசி முன்பக்கத்த ரெண்டு தடவ கழட்டிக் கழுவியாச்சு. இன்னிக்கு மெக்கானிக்க ஏணியோட வரச் சொல்லியிருக்கேன். மேல ஏறிப் பாக்கணும்.”

“பூஜையாலதான் இருக்குமோ?” என்றேன், பெரிய துப்பறிவாளன் மாதிரி. “அன்னிக்கே நீ வேணாம்னு சொன்னியே... இன்னும் நாலு வார்த்த அழுத்திச் சொல்லியிருக்கலாமே?”

லேசாகச் சிரித்தாள். “ஒரு தடவைக்கு மேல சொன்னா, ‘வேதக்காரப் பொண்ணு... அதான் பூஜை வேணாங்குது’ம்பாங்க சார்.”

“அப்போ இந்த ஜெபமாலை?”

“அதையும் வாராவாரம் பஞ்சுக்குச்சியால தடவிப் பாக்கறேன். மாதா கோவிச்சுக்க மாட்டாங்க.”

ஏணி வந்தது. தியேட்டர் வாசலுக்கு வெளியே நின்றபடி நாங்கள் பார்த்தோம். மெக்கானிக் நாலு படி ஏறினார். ஏசியின் மேல் கையை விட்டார். “ஐயய்ய... பூனை கீனை செத்துக் கெடக்குதா?” என்றார்.

பூனை இல்லை. கறுத்து, நைந்து, அழுகி, மேலெல்லாம் கரும்பச்சைப் பஞ்சு பூத்து, நீளமாகத் தொங்கியது ஒன்று. அந்த ஏசி, காற்றை மேல்பக்கமாகத்தான் உள்ளே இழுக்குமாம். அங்கேயே உட்கார்ந்து, இரண்டு வாரத்துக்கு மேலாக மேசைக்குப் பூஞ்சை பொழிந்திருக்கிறது. எத்தனை புகை போட்டாலும் அந்த ஈரச் சுருளுக்குள் போகவில்லை.

ஜெசிந்தா அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினாள். வெளிச்சத்தில் திருப்பினாள். உள்ளே ரிப்பன் பூ ஒன்று. மங்கலான தங்க எழுத்து. இரண்டு நிலா தெரிகிற என் கண்ணுக்கே அது ஒன்றாக, தெளிவாகத் தெரிந்தது...

‘சிறப்பு விருந்தினர்’.

அவள் கவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் உயரத்தைப் பார்த்தாள். ஏசியைப் பார்த்தாள்.

“சார்...” என்றாள்.

“தும்மல் வந்துச்சும்மா” என்றேன்.

இவ்வளவு பெரிய குற்றத்துக்கு இவ்வளவு சின்ன வாக்குமூலம் எந்தக் கோர்ட்டிலும் பதிவாகியிருக்காது. அவள் திட்டியிருக்கலாம். இரண்டு வாரம் எல்லோரிடமும் அவள் வாங்கியதில் ஒரு பங்கை எனக்குத் திருப்பித் தந்திருக்கலாம். செய்யவில்லை. கோட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது சிரிப்பினால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “ரிப்போர்ட்ல ‘அழுகிய பூமாலை’ன்னு மட்டும் எழுதறேன் சார். பேரு போடல. ஆனா அந்த வீராம்பட்டினத்து அம்மாகிட்ட யாராவது சொல்லணும்.”

அந்த ‘யாராவது’ யார் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஒத்திகை பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அந்தப் பிள்ளையாரு ஏசி மேலயா உக்காந்திருந்தாரு?”

மறுநாள் காலை மார்க்கெட். அஞ்சலாட்சியின் முன்னால் கூடை, பக்கத்தில் அவருடைய மருமகள். ஒவ்வொரு மீனையும் மருமகள்தான் செவுளைத் தூக்கிப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அஞ்சலாட்சி சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வருட வியாபாரி, தன் கூடைக்கு முன்னால் விருந்தாளி மாதிரி.

சொன்னேன். பூஜை, தும்மல், ஏசி, பேட்ஜ்... எதையும் விடாமல். சுற்றி இருந்த கடைகளும் கேட்டன. பட்டம் அப்போதுதான் பிறந்தது.

அஞ்சலாட்சி கத்துவார் என்று எதிர்பார்த்து ஓர் அடி பின்னால்தான் நின்றிருந்தேன். கத்தவில்லை.

“ரெண்டு வாரமா அந்தப் பொண்ண வாய்க்கு வந்தபடி பேசினேனே” என்றார். “எங்கண்ணு போவக்கூடாதுன்னு வேலையே போனாலும் பரவால்லன்னு நின்னுச்சே அது. நான் பேசினேன். நீயும் பேசின. உம் மாலைய நீ மேல வெச்சுட்டு, அவள நீ பேசின!”

“ஆமாம்மா.”

“இன்னா ஆமாம்மா?” மருமகளிடம் திரும்பினார். “அந்த வஞ்சிரத்துல நல்லதா ஒண்ணு எடுடி. இந்தாய்யா... இதைக் கொண்டுபோயி அந்தப் பொண்ணுகிட்டக் குடு. அஞ்சலாட்சி குடுத்தான்னு சொல்லு. நடந்தே போ. வண்டியில போவாத.”

நடந்தே போனேன். கையில் முழு வஞ்சிரம். வால் பைக்கு வெளியே. சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டு மிஷன் வீதி வழியாகப் போன அந்த ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தது நான், பின்னால் வந்தவை இரண்டு நாய்கள், ஒரு பூனை. சிறப்பு விருந்தினர்தான், சந்தேகமில்லை.

“சார்! லேப்ல மீனைக் கொண்டாரக் கூடாது சார்!” ஜெசிந்தா அலறினாள். வாசலுக்கு வெளியே நிற்க வைத்தாள். செய்தியைச் சொன்னேன். அவள் ஒரு விரலால் செவுளைத் தூக்கினாள். உள்ளே செக்கச்செவேல்.

“சுத்தமா இருக்கு” என்றாள். “இதுக்குக் கையெழுத்து போடலாம்.”

மறுபடி கழுவல், மறுபடி புகை, மறுபடி தட்டு. இந்த முறை ஏசியை ஓடவிட்டே வைத்தாள். நாலு நாள்... ஐந்து நாள்... மஞ்சள் தட்டு மஞ்சளாகவே இருந்தது. ஒரு வாரம் முழுதாகப் போன பிறகுதான் பேனாவை எடுத்தாள். தியேட்டரை வாராவாரம் சுத்தம் செய்கிற பட்டியலில் அவளே கடைசியாக ஒரு வரி சேர்த்தாள்: ‘ஏசியின் மேல்புறம்’. இருபது வருடமாக எழுதுகிறேன்; இந்த ஊரில் என்னால் நிலைத்து நிற்கப்போகிற ஒரே வரி அதுதான். அதையும் நான் எழுதவில்லை.

சம்பந்தம்? அவன் ஜெசிந்தாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நிர்வாகிகள் கேட்பதில்லை. ஆனால் அடுத்த வருடப் பூஜை ஹாலில் என்று நோட்டீஸ் போர்டில் இப்போதே ஒட்டிவிட்டான். மதாம் என்று சொல்வதையும் நிறுத்திவிட்டான். எனக்கென்னவோ அதுவே மன்னிப்பு மாதிரிதான் கேட்டது.

ஆபரேஷன் நாளின் பட்டியலில் முதல் பெயர் அஞ்சலாட்சி. கடைசிப் பெயர் நான். யார் அப்படிப் போட்டது என்று நான் கேட்கவில்லை.

உள்ளே படுத்திருந்தபோது என் தலைக்குமேல் பெரிய விளக்கு. ஏசி ஜில்லென்று ஊதியது. தட்டில் சிக்காத எதுவோ இன்னும் அங்கே மிதக்கிறதோ என்று ஒரு கணம் பயம். அப்புறம் மாடிப்படிக்கு அடியில் அந்தச் சின்ன அறை ஞாபகம் வந்தது. பயம் போய்விட்டது. என் கண்ணைத் திறந்த டாக்டரம்மாவின் கை எனக்குத் தெரியும், கும்பிட்டேன். ஆனால் அந்தக் கைக்கு முன்னால், எவருக்கும் தெரியாமல், வெறும் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு ஐந்தாறு நாள் காவல் காக்கிற ஒருத்தி இருக்கிறாளே... அவளை எத்தனை பேர் கும்பிடுகிறோம்?

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். பக்கத்து நாற்காலியில் அஞ்சலாட்சி. முதலில் தன் கையைப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஜெசிந்தாவைப் பார்த்து, “இம்மாம் சின்னப் பொண்ணா நீ!” என்றார். இரண்டு கையாலும் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அவள் கையுறை போட்டிருந்தாள்; அதையும் மீறி அஞ்சலாட்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியாக என் பக்கம் திரும்பினார். மேலிருந்து கீழே ஒரு பார்வை.

“நீதானா அது? கொரலக் கேட்டு யாரோ பெரிய ஆளுன்னு நெனச்சேன். ஒட்டடைக்கோலாட்டம் இருக்கற. அதான் ஏசி எட்டியிருக்குது.”

இதுதான் கதை. இனி போன வியாழக்கிழமைக்கு வருவோம்.

கூப்பிட்ட குரலுக்குப் போய் நின்றேன். மருமகள் இப்போது அடுத்த கூடைக்குப் போய்விட்டாள். அஞ்சலாட்சி தானே ஒரு கொடுவாயை எடுத்தார். கட்டை விரலால் செவுளைத் தூக்கினார். தலையைச் சாய்த்து, அந்த ஒற்றைக் கண்ணால் ஆசையாக, அவசரமே இல்லாமல் பார்த்தார். எங்களுக்கும் காட்டினார்.

“பாத்துக்க. எப்படிச் செவப்பு!” என்றார். அந்தச் செவுளின் சிவப்பு அவர் முகத்திலும் கொஞ்சம் ஏறியிருந்தது. அந்த டீச்சரம்மா மறுபடி வர ஆரம்பித்துவிட்டாராம்.

மீனைப் பையில் போட்டார். போட்டுவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

“மீனுன்னா செவுளத் தூக்கிப் பாத்துடலாம். உன்னிய மாதிரி ஆளுங்கள எங்க தூக்கிப் பாக்கறது?”

நான் பதில் யோசிப்பதற்குள் என் மனைவி சொல்லிவிட்டாள்: “அதுக்கு ஏசி மேல பாக்கணும்கா!”